ஒரே விளக்கு, பல சுவிட்ச்: டூ-வே வயரிங் முழுமையான வழிகாட்டி

மாடிப்படி விளக்கைக் கீழே போட்டுவிட்டு மேலே ஏறுகிறீர்கள். ஏறி முடித்ததும் அணைக்க வேண்டும். சுவிட்சோ கீழே இருக்கிறது. அப்புறம் என்ன, விளக்கு விடிய விடிய எரியும். இல்லையென்றால் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு ஏற வேண்டும். நீண்ட நடைபாதை, இரண்டு வாசல் உள்ள கூடம், கதவருகிலும் கட்டிலருகிலும் சுவிட்ச் வேண்டிய படுக்கையறை, எல்லாவற்றிலும் இதே தொல்லைதான்.

இதற்கு வேண்டியது இரண்டு டூ-வே சுவிட்சும் இடையில் ஓடும் இரண்டு வயரும். அவ்வளவு எளிதாக இருந்தும் முதல் முறை இணைக்கும்போது பலர் தடுமாறுகிறார்கள். நானும் ஒரு மாலை முழுக்கத் தடுமாறியிருக்கிறேன். படத்தைப் பார்த்து அப்படியே இணைத்ததால் வந்த வினை. படத்தில் காமன் முனை, அதாவது மற்ற இரண்டு முனைகளுக்கும் பொதுவான முனை, மேலே இருந்தது. என் கையிலிருந்த சுவிட்சில் அது ஓரத்தில் இருந்தது. காமன் எது என்று தெரிந்துவிட்டால் மீதியைப் படமே இல்லாமல் இணைத்துவிடலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

அதற்கு முன் ஒன்று. பல நாடுகளில் வீட்டின் நிலையான வயரிங்கில் கைவைக்க உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்கு மட்டுமே அனுமதி உண்டு. உங்கள் ஊர் விதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே செய்யாவிட்டாலும், செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க இது உதவும்.

சுவிட்சுக்குள் என்ன இருக்கிறது

சாதாரண ஒன்-வே சுவிட்ச் ஒரு கதவு மாதிரி. திறந்தால் வழி இல்லை, மூடினால் வழி உண்டு. பின்னால் இரண்டே முனைகள்.

டூ-வே சுவிட்சில் மூன்று முனைகள். இதற்கு ‘ஆஃப்’ என்ற நிலையே கிடையாது. ரயில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை நினைத்துப் பாருங்கள். வரும் தடம் ஒன்று, போகும் தடம் இரண்டு. ரயில் இதில் போகும், இல்லை அதில் போகும். அந்த ஒற்றைத் தடம்தான் காமன். மற்ற இரண்டையும் பெரும்பாலான சுவிட்சுகளில் எல்1, எல்2 என்று குறித்திருப்பார்கள்.

இப்போது இரண்டு சந்திப்புகளை எதிரெதிராக வைத்து, நடுவில் இரண்டு தடங்களால் இணையுங்கள். இரு பக்கமும் ஒரே தடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் ரயில் கடந்துவிடும், விளக்கு எரியும். வேறு வேறு தடம் என்றால் நின்றுவிடும். எந்தப் பக்கம் மாற்றினாலும் நிலை புரளும். எரிந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். டூ-வே வயரிங்கின் தத்துவம் முழுவதும் இதுதான்.

வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். அமெரிக்காவில் முனைகளை எண்ணிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் டூ-வே என்பது அவர்களுக்கு த்ரீ-வே. மூன்றாவது இடத்துக்காகப் பின்னால் வரும் நம் இன்டர்மீடியட் சுவிட்ச் அவர்களுக்கு ஃபோர்-வே. பொருள் ஒன்றே.

காமனைக் கண்டுபிடிப்பது

சுவிட்சைச் சுவரில் மாட்டும் முன், எந்த வயரும் இல்லாமல் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. மல்டிமீட்டரை, இரு முனைகளுக்கும் தொடர்பு இருந்தால் பீப் ஒலி எழுப்பும் நிலையில் வையுங்கள். இரண்டு முனைகளைத் தொட்டு, சுவிட்சை மேலும் கீழும் தட்டிப் பாருங்கள். மூன்று முனைகளில் மூன்று ஜோடிகள் வரும். இரண்டு ஜோடிகள் ஏதாவது ஒரு நிலையில் பீப் அடிக்கும். ஒரு ஜோடி மட்டும் எந்த நிலையிலும் பீப் அடிக்காது. அந்த ஜோடிதான் எல்1, எல்2. ஒதுங்கி நிற்கும் மூன்றாவது முனை காமன். பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

சுவிட்சின் மேலே எழுதியிருந்தாலும் நான் ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவேன். அரை நிமிட வேலை.

மின்சாரத்தை நிறுத்துவது, நிறுத்தியதை உறுதி செய்வது

மாடிப்படி விளக்கில் தனி ஆபத்து ஒன்று உண்டு. கீழ்ச் சுவிட்ச் பாக்ஸுக்குக் கீழ்த்தள எம்சிபியிலிருந்தும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் போர்டு சுவிட்ச்), மேல் பாக்ஸில் இருக்கும் மற்ற சுவிட்சுகளுக்கு மேல்தள எம்சிபியிலிருந்தும் மின்சாரம் வரலாம். ஒன்றை மட்டும் அணைத்துவிட்டுக் கைவைத்தால், அதே பாக்ஸில் பக்கத்து வயர் உயிரோடு இருக்கும். அதனால் இந்த வேலைக்கு மெயினையே அணைப்பது நல்லது. வேறு யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி போர்டில் ஒரு தாள் ஒட்டுங்கள்.

அணைந்ததை உறுதி செய்யும் சோதனை இப்படி. முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மெயினை அணையுங்கள். பாக்ஸில் உள்ள ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். பிறகு மின்சாரம் உள்ள ஏதாவது ஒன்றில் டெஸ்டரை மறுபடி சோதியுங்கள். நடுவில் அது செத்துப்போயிருக்கலாம். முழு வீடும் அணைந்திருந்தால் மெயினுக்கு முன்னால் இருக்கும் முனையைத் தேடிப் போகாதீர்கள். பேட்டரியில் இயங்கித் தன்னையே சோதித்துக்கொள்ளும் வகை டெஸ்டர் இந்த மறுசோதனைக்கு உதவும்.

ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்கும் நியான் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். எதனுடனும் இணையாமல் இருக்கும் வயர்கூட, பக்கத்து வயரின் பாதிப்பால் அதில் மங்கலாக எரியும். மல்டிமீட்டரும் அப்படிப்பட்ட வயரில் பொய்யாகச் சில பத்து வோல்ட் காட்டும். இரண்டு முனை கொண்ட வோல்டேஜ் டெஸ்டர் இருந்தால் நல்லது.

வயரும் நிறமும்

விளக்குச் சுற்றுக்குப் பொதுவாக 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். ஒரு 9 வாட் எல்இடி பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது 0.04 ஆம்பியர் அளவுதான். அதைக் கணக்குப் பார்த்து இரண்டு சுவிட்சுக்கும் நடுவே காலிங் பெல் வயர் மாதிரி மெல்லியதை இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. அந்த வயர் பல்பின் அளவுக்குத் தாங்கினால் போதாது. எம்சிபியின் அளவுக்குத் தாங்க வேண்டும். ஷார்ட் ஆனால் எம்சிபி விழுவதற்கு முன் மெல்லிய வயர் எரிந்துவிடலாம். எனவே எல்லா வயரும் ஒரே கனம்.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு முறையில் பழுப்பு ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), நீலம் நியூட்ரல் (அது திரும்பும் வயர்). இன்னொரு முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். அமெரிக்காவிலோ கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். பழைய வீட்டில் கையில் கிடைத்த நிறத்தில் இழுத்திருப்பார்கள். புதிதாக இழுக்கும்போது, சுவிட்சுகளுக்கு இடையே ஓடும் வயர்களுக்கு நியூட்ரல் நிறத்தையும் பச்சையையும் தவிர்த்து வேறு இரண்டு நிறங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை எர்த்துக்கு மட்டும்.

புதிய வயரிங்: இரண்டு இடங்களிலிருந்து

இரண்டு சுவிட்சுகளையும் இணைக்கும் இரு வயர்களை இனி ஜோடி வயர் என்பேன்.

1. எம்சிபியிலிருந்து வரும் ஃபேஸைக் கீழ்ச் சுவிட்சின் காமனில் கொடுங்கள்.

2. கீழ்ச் சுவிட்சின் எல்1-லிருந்து மேல் சுவிட்சின் எல்1-க்கு ஒரு வயர். எல்2-விலிருந்து எல்2-க்கு இன்னொன்று. இவை இரண்டும் இடம் மாறினாலும் விளக்கு வேலை செய்யும், கவலை வேண்டாம்.

3. மேல் சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்கு ஒரு வயர்.

4. நியூட்ரல் நேராக விளக்குக்கு. எந்தச் சுவிட்சுக்கும் போகாது.

5. உலோக விளக்கு, உலோகச் சுவிட்ச் பாக்ஸ் இரண்டுக்கும் எர்த்.

வயர் நுனியின் உறையை 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை உரியுங்கள்; சில சுவிட்சுகளின் முதுகிலேயே அளவு போட்டிருக்கும். முனைக்கு வெளியே செம்பு தெரியக்கூடாது, உறையும் ஸ்க்ரூவுக்குள் மாட்டிக்கொள்ளக்கூடாது. முடுக்கிய பிறகு வயரை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பாக்ஸில் ஒரு சாண் அளவுக்கு மிச்சம் விடுங்கள். குறைத்து வெட்டிவிட்டுப் பின்னால் வருந்துவதைவிட மடித்து வைப்பது மேல்.

ஏற்கனவே ஒரு சுவிட்ச் இருந்தால்

பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது இதுதான். ஒன்-வே சுவிட்சில் விளக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னோர் இடத்திலும் சுவிட்ச் வேண்டும். ஆனால் விளக்குக்குப் போகும் வயர் பழைய பாக்ஸிலிருந்துதான் கிளம்புகிறது. முந்தைய முறைப்படி செய்ய வேண்டுமானால் அதைப் பிடுங்கிப் புதிய பாக்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். சுவரை உடைக்க யாருக்கு ஆசை?

இதற்கு மூன்று வயர் முறை இருக்கிறது. பழைய சுவிட்சைக் கழற்றி அங்கே டூ-வே போடுங்கள். பழைய ஃபேஸ் வயரை எல்1-இல், விளக்குக்குப் போகும் வயரை எல்2-இல் மாட்டுங்கள். காமனை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். புதிய பாக்ஸில் இன்னொரு டூ-வே. இரண்டுக்கும் இடையே மூன்று வயர் இழுத்து, காமனைக் காமனோடும், எல்1-ஐ எல்1-ஓடும், எல்2-வை எல்2-வோடும் சேருங்கள். முடிந்தது. புதிய பாக்ஸுக்குத் தனியாக ஃபேஸோ நியூட்ரலோ தேவையில்லை, எர்த் மட்டும் கூடவே போகட்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், எல்1 முழுக்க ஃபேஸ், எல்2 முழுக்க விளக்கு. இரண்டு காமனும் ஒரு பாலம். ஒரு சுவிட்ச் எல்1 பக்கமும் மற்றது எல்2 பக்கமும் சாய்ந்திருந்தால் ஃபேஸ் பாலத்தைக் கடந்து விளக்குக்குப் போகும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் போகாது. முதல் முறைக்கு நேர் எதிர். இங்கே எல்1, எல்2 வயர்களை இடம் மாற்றக்கூடாது என்று பயப்பட வேண்டியதில்லை. மாறினால் சுவிட்ச் நிலைகளின் பொருள்தான் மாறும். காமன் மட்டும் காமனோடு சேர வேண்டும்.

புதிதாகக் கட்டும் வீட்டில் வயர் மிச்சம் பார்த்தால் இரண்டு வயர் முறை. எனக்கு மூன்று வயர் முறை மேல் என்று தோன்றுகிறது. ஃபேஸும் விளக்கு வயரும் ஒரே பாக்ஸில் இருப்பதால் பின்னாளில் பழுது பார்ப்பது சுலபம்.

மூன்றாவது இடம், நான்காவது இடம்

இங்கேதான் இன்டர்மீடியட் சுவிட்ச் வருகிறது. இதில் நான்கு முனைகள். இரண்டு வயர் உள்ளே, இரண்டு வயர் வெளியே. ஒரு நிலையில் நேராகக் கடத்தும். மறு நிலையில் குறுக்காக மாற்றிக் கடத்தும். ஜோடி வயரை நடுவில் வெட்டி இதைச் செருகினால் போதும். இரு முனைகளிலும் எப்போதும் டூ-வே, நடுவில் எத்தனை இடம் வேண்டுமோ அத்தனை இன்டர்மீடியட். ஐந்து இடங்கள் என்றால் இரண்டு டூ-வே, மூன்று இன்டர்மீடியட்.

மூன்று வயர் முறையிலும் இது பொருந்தும். எல்1, எல்2 வயர்கள் இன்டர்மீடியட் வழியாகப் போகும். காமன் வயர் அந்தப் பாக்ஸில் ஒரு கனெக்டரில் இணைந்து நேராகக் கடந்துவிடும்.

நான்கு முனைகளில் எது உள்ளே, எது வெளியே என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சிலவற்றில் மேலே இரண்டு, கீழே இரண்டு. சிலவற்றில் இடம் வலம். மறுபடியும் மீட்டரை எடுங்கள். நான்கு முனைகளில் ஆறு ஜோடிகள் வரும். எந்த நிலையிலும் பீப் அடிக்காத ஜோடிகள் சரியாக இரண்டு இருக்கும். ஒன்று உள்ளே வரும் பக்கம், மற்றது வெளியே போகும் பக்கம். டூ-வே சுவிட்சில் பார்த்த அதே தந்திரம்தான்.

நான்கைந்து இடங்களைத் தாண்டினால் இந்த முறையே அலுத்துவிடும். இம்பல்ஸ் ரிலே என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எரியும், அணையும். எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் காலிங் பெல் பட்டன் மாதிரி அழுத்தி விடும் சுவிட்சுகளைப் பக்கவாட்டில் சேர்த்துக்கொண்டே போகலாம், எல்லாவற்றுக்கும் அதே இரண்டு வயர். நீளமான நடைபாதைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

செய்யவே கூடாத இரண்டு

முதலாவது, ஒவ்வொரு சுவிட்சிலும் எல்1-இல் ஃபேஸ், எல்2-இல் நியூட்ரல் கொடுத்து, விளக்கை இரண்டு காமன்களுக்கும் நடுவே மாட்டும் முறை. விளக்கு எரியும், அணையும், வயரும் மிச்சம். ஆனால் அது இரண்டு விதத்தில் அணைகிறது: இரு பக்கமும் நியூட்ரல், அல்லது இரு பக்கமும் ஃபேஸ். இரண்டாவது நிலையில் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரின் இரு முனையிலும் முழு மின்சாரம் இருக்கும். போதாததற்கு ஃபேஸும் நியூட்ரலும் ஒரே சின்னச் சுவிட்சுக்குள் எதிரெதிரே நிற்கின்றன. பழைய வீட்டில் இதைப் பார்த்தால் பிரித்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, கடன் வாங்கிய நியூட்ரல். மாடிப்படி விளக்குக்கு ஃபேஸ் கீழ்த்தளச் சுற்றிலிருந்து வரும். நியூட்ரல் பக்கத்தில் கிடைக்கிறதே என்று மேல்தளச் சுற்றிலிருந்து எடுத்துவிடுவார்கள். விளக்கு நன்றாகவே எரியும். ஆனால் தளத்துக்கு ஒரு ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இருந்தால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்துப்போகாமல், விளக்கைப் போட்டதும் அது விழலாம். அதைவிட மோசம், மேல்தள எம்சிபியை அணைத்துவிட்டு யாரோ நியூட்ரலைப் பிரிக்கும்போது, இந்த விளக்கு வழியாக வரும் மின்சாரம் அவர் கையில் ஏறும். ஃபேஸ் எந்தச் சுற்றோ, நியூட்ரலும் அதே சுற்று.

சோதனையும் பழுதும்

சுவிட்சுகளை மூடும் முன் சோதியுங்கள். இரண்டு சுவிட்ச் என்றால் நான்கு நிலைகள், மூன்று என்றால் எட்டு. ஒரு நேரத்தில் ஒரு சுவிட்சை மட்டும் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் விளக்கு மாற வேண்டும்.

‘மேல் சுவிட்ச் ஒரு நிலையில் இருந்தால்தான் கீழ்ச் சுவிட்ச் வேலை செய்கிறது’ என்பதுதான் அதிகம் கேட்கும் புலம்பல். மேல் சுவிட்சில் காமன் வயரும் ஜோடி வயர்களில் ஒன்றும் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். என் மாலைப்பொழுது முழுவதும் போனது இதில்தான். இன்டர்மீடியட் ஒரு நிலையில் இருக்கும்போது விளக்கு எதற்கும் அசையவில்லை, மறு நிலையில் மற்ற இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்றால், அதன் உள்ளே, வெளியே ஜோடிகள் கலந்திருக்கின்றன. போட்டதும் எம்சிபி விழுகிறது என்றால் எங்கோ ஒரு நியூட்ரல் சுவிட்சுக்குள் நுழைந்திருக்கலாம்.

இன்னொன்று பழுதே இல்லை, ஆனால் தூக்கம் கெடுக்கும். அணைத்த பிறகும் எல்இடி பல்பு மினுக்மினுக் என்று மின்னும், அல்லது மங்கலாக ஒளிரும். ஜோடி வயரில் ஒன்றில் மின்சாரம் இருக்கிறது. பக்கத்திலேயே நீளமாக ஓடும் மற்றதில் அதன் பாதிப்பால் மிகச் சிறிய மின்னோட்டம் ஊறுகிறது. பழைய குண்டு பல்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எல்இடிக்கு அது போதும். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இப்படி நடக்கும். வேறு பல்பு மாட்டிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இதற்கென்றே விற்கும் சின்ன கெப்பாசிட்டர் யூனிட்டை விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைக்கலாம்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைப்பதானால் இரண்டு இடத்திலும் வைக்காதீர்கள். டூ-வே டிம்மர் ஒன்று, சாதாரண டூ-வே ஒன்று. ஸ்மார்ட் சுவிட்ச் என்றால் டூ-வே இணைப்புக்கு ஏற்றதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பலவற்றுக்குப் பாக்ஸில் நியூட்ரலும் தேவை.

கடைசியாக, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டிய ஒன்று. இந்த விளக்குக்குச் சுவிட்ச் கீழே சாய்ந்திருந்தால் ஆன், மேலே இருந்தால் ஆஃப் என்ற கணக்கு இனி கிடையாது. பல்பு எரியாதபோது அது ஃபியூஸ் போனதா, அணைந்திருக்கிறதா என்று சுவிட்சைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏணியில் ஏறிப் பல்பு மாற்றும்போது வேறொருவர் அடுத்த முனையில் சுவிட்சைத் தட்டிவிடலாம். எம்சிபியை அணைத்த பிறகே ஏணியில் ஏறுங்கள்.